வாசகர் கேள்விகள்: நட்சத்திர மீனுக்குக் கண் எங்கே?

போன இதழில் பாம்பன் பக்கம் எடுத்த நட்சத்திர மீன் படம் ஒன்றைப் போட்டாலும் போட்டோம், கடிதம் வந்து குவிந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வியை என்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறேன். ராசி, நட்சத்திரம், பரிகாரம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு பக்கம்.

ராமேஸ்வரம் போனபோது கடையில் காய்ந்த நட்சத்திர மீன் ஒன்று வாங்கினோம். வாய் எங்கே, கண் எங்கே, மேல் எது, கீழ் எது என்று மகள் கேட்டுத் துளைக்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, மதுரை

வாங்கினது வாங்கிவிட்டீர்கள், அடுத்த தடவை வேண்டாம். கடையில் விற்கிறதெல்லாம் பெரும்பாலும் உயிரோடு பிடித்துக் காயவைத்ததுதான். கையில் இருப்பதை வைத்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

குமிழ் குமிழாகப் புடைத்திருக்கிற பக்கம் மேல். நம் மன்னார் வளைகுடாவில் கிடைப்பதில் சிவப்புக் குமிழ் வைத்த இனம் ஒன்று உண்டு, கடைகளில் அதிகம் பார்ப்பது அதைத்தான், காய்ந்ததும் சிவப்பெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். இப்போது திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு கையின் நடுவிலும் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதா? ஐந்து பள்ளமும் போய்ச் சேர்கிற இடம்தான் வாய். காய்ந்த உடம்பில் பள்ளம் வெறுமையாகத் தெரியும். உயிரோடு இருக்கும்போது அதில் வரிசையாக நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நெளிந்துகொண்டிருக்கும், நுனியில் குட்டியாக ஒரு தட்டு.

மறுபடி மேல் பக்கம் வாருங்கள். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கைகள் பிரிகிற இடுக்குக்கு நேராக, வரிவரியாகக் கீறல் விழுந்த சின்ன வட்டத் தட்டு ஒன்று இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அது சல்லடைத் தட்டு. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி வாயைச் சுற்றி ஓடும் வளையக் குழாயில் சேர்கிறது, அங்கிருந்து கைக்கு ஒன்றாக ஐந்து குழாய்கள் கிளம்புகின்றன, அந்த ஐந்திலிருந்து ஆயிரம் கிளை பிரிந்து ஒவ்வொரு குழாய்க்காலுக்கும் போகிறது. உள்ளே ஓடுவது ஏறக்குறைய கடல் தண்ணீர்தான். ஒவ்வொரு காலுக்கும் மேலே, உடம்புக்குள் ஒரு குமிழ் உண்டு, சொட்டு மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி மாதிரி. குமிழ் சுருங்கினால் தண்ணீர் கீழே தள்ளப்பட்டுக் கால் நீளும், காலின் தசை சுருங்கினால் தண்ணீர் குமிழுக்கே திரும்பிவிடும். நடப்பது, ஒட்டுவது, இரையைப் பிடிப்பது எல்லாம் இந்தத் தண்ணீர் அழுத்தத்தில்தான். கால் நுனி காற்றை உறிஞ்சி ஒட்டுகிறது என்று நாம் படித்த புத்தகங்களில் இருந்தது. உண்மையில் அது பசை சுரந்து ஒட்டுகிறது, விட வேண்டும் என்றால் பசையைக் கழற்றுகிற இன்னொரு திரவத்தைச் சுரக்கிறது.

கண் கை நுனியில். கைக்கு ஒன்று, சிவப்புப் புள்ளியாக. காய்ந்ததில் தேடாதீர்கள், கிடைக்காது. வெளிச்சமா இருட்டா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2014-ல் நீல நட்சத்திர மீனை வைத்துச் செய்த ஆய்வில் அது மங்கலாக உருவத்தையே பார்க்கிறது என்று தெரிந்தது. பவளப்பாறையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி வைத்தால் பாறையைப் பார்த்து நேராகத் திரும்பி வந்தது, கண்ணை எடுத்துவிட்டால் திசை தெரியாமல் அலைந்தது. நிறம் தெரியாது, வேகமாக அசைவது எதுவும் தெரியாது. அசையாத பாறையைக் கண்டுபிடிக்க அதற்குமேல் என்ன வேண்டும்?

மட்டியைத் திறந்து தின்னும் என்கிறார்கள். கத்தி வைத்தே எங்களால் திறக்க முடியவில்லை, இதால் எப்படி முடிகிறது?
– ஒரு மீனவ வாசகர், குளச்சல்

முழுசாகத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் சாமர்த்தியம். மட்டியின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்க ஓட்டிலும் கால்களை ஒட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். மட்டியின் தசை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி கிடைத்தால் போதும், நட்சத்திர மீன் தன் வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளி அந்த இடுக்குக்குள் நுழைத்துவிடும். ஆமாம், வயிற்றையேதான். மட்டி தன் ஓட்டுக்குள்ளேயே செரிக்கப்பட்டுக் கூழாகிவிடும், கூழை உறிஞ்சிக்கொண்டு வயிறு பழையபடி உள்ளே போய்விடும். வாயைவிடப் பெரிய இரையைச் சாப்பிட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தோன்றவில்லை, பார்க்கக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லா இனமும் இப்படிச் செய்யாது. உங்கள் இழுவலையில் மண்ணோடு சேர்ந்து வரும், ஓரமெல்லாம் சீப்புப் பல் வைத்த தட்டையான இனத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கால் நுனி கூராக இருக்கும், ஒட்டும் தட்டு கிடையாது, மணலைத் தோண்டிப் புதைவதற்கான கால் அது. சின்னச் சங்கு, சிப்பியை அப்படியே விழுங்கிவிட்டு, சத்து இறங்கியதும் வெறும் ஓட்டை வாய் வழியே துப்பும். துப்பித்தான் ஆக வேண்டும், அதற்குப் பின்வாசல் இல்லை.

வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திர மீன் ஆகுமாமே?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

இனத்தைப் பொறுத்தது. கை போனால் கை முளைப்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடக்கும். ஆனால் ஒரு கைத் துண்டிலிருந்து முழு உடம்பும் முளைக்க, பெரும்பாலான இனங்களில் நடுத்தட்டின் ஒரு பகுதியாவது அந்தக் கையோடு ஒட்டியிருக்க வேண்டும். லிங்கியா வகைகள் மட்டும் விதிவிலக்கு, சிலது தானாகவே கையைக் கழற்றிவிடும், கழன்ற கை தனியாகப் போய் அடியில் குட்டியாக நான்கு கை முளைத்து நிற்கும், வால் நட்சத்திரம் என்றே அதைச் சொல்வார்கள். கழன்று போன கையில் செரிமானச் சுரப்பியும் நரம்பும் தண்ணீர்க் குழாயும் எல்லாம் இருப்பதால்தான் அது அதுவரை தாக்குப்பிடிக்கிறது. வாய் முளைக்கிற வரைக்கும் சேமிப்பில் காலம் தள்ளும். மாதக்கணக்கில் ஆகும்.

சோதனை செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெட்டினதில் அநேகம் அழுகித்தான் போகும்.

மூளை இல்லை, தலை இல்லை, ரத்தம் இல்லை. இதெல்லாம் உயிரினத்தில் ரொம்பக் கீழ்ப்படி என்று சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சொல்லக்கூடாது சார். பரிணாம மரத்தில் நண்டு, நத்தை, கணவாய், வண்டு எல்லாவற்றையும்விட நட்சத்திர மீன் நமக்குக் கிட்டத்துச் சொந்தம். கருவில் முதலில் உண்டாகிற துளை நண்டு, நத்தை கூட்டத்தில் பெரும்பாலும் வாய்ப்பக்கத்தைச் சேர்ந்தது. நமக்கும் நட்சத்திர மீனுக்கும் அந்தத் துளை ஆசனவாயாகிவிட, வாய் பிறகு தனியாகத் திறக்கிறது. கேட்கக் கௌரவமான உறவு இல்லைதான், ஆனால் உறவு.

இன்னொன்று, அது பிறக்கும்போது நட்சத்திரமே இல்லை. முட்டையிலிருந்து வரும் லார்வா கண்ணாடி போல, இடது வலது என்று இரு பக்கம் வைத்து, நீந்தித் திரியும். பிறகு எங்காவது ஒட்டிக்கொண்டு, உடம்பின் இடது பக்கத்தை மையமாக வைத்து, ஐந்தாகத் திருப்பிக் கட்டிக்கொள்கிறது. அதனால் வளர்ந்த நட்சத்திர மீனைப் பார்த்து இதில் தலை எது, உடல் எது என்று விலங்கியல்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2023-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், மற்ற விலங்குகளில் எந்த ஜீன்கள் தலையை அமைக்கின்றனவோ அவைதான் நட்சத்திர மீனின் தோல் முழுக்க வேலை செய்கின்றன, முண்டத்தை அமைக்கும் ஜீன்களைத் தோலில் காணோம் என்று வந்தது. அதாவது தலையில்லாத விலங்கு என்று நாம் சொல்லிவந்தது கிட்டத்தட்ட முழுசும் தலை. ஐந்து கையோடு தரையில் ஊர்ந்து போகிற ஒரு தலை!

மூளை இல்லை என்பது மட்டும் நிஜம். வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கொரு நரம்பு, அவ்வளவுதான். எந்தக் கைக்கு வாசனை முதலில் எட்டுகிறதோ அந்தக் கை முன்னால் போகும், மற்றவை பின்னால் வரும். எங்கள் அலுவலகத்தில் இந்த ஏற்பாடு கொஞ்ச நாள் இருந்தது, அங்கே சரிப்படவில்லை.

உங்களைப் போன்ற ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல இன்னொரு கதை. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், குடும்பம் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ஒரு முள்ளைக் குத்திவைத்தார். வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்த ரோஜா முள். மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன என்ற விஷயம் அங்கே ஆரம்பித்ததுதான், 1908-ல் நோபல் பரிசில் போய் முடிந்தது. ஓர் உயிரினம் கண்ணாடி மாதிரி இருந்ததால் கிடைத்த பரிசு.

எங்கட பக்கம் கடலட்டைப் பண்ணை பெருகிவிட்டது. கடலட்டையும் நட்சத்திர மீனும் ஒரே குடும்பம் என்று ஒருவர் சொன்னார். நம்ப முடியவில்லை, பார்த்தால் ஒரு சம்பந்தமும் இல்லையே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அவர் சொன்னது சரி. முட்தோலிகள் என்கிற பெரிய தொகுதியில் இன்று உயிரோடு இருப்பவை ஏறக்குறைய 7000 இனம், அதில் ஐந்து கூட்டம்: நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி என்கிற அர்ச்சின், கடலட்டை, கடல் அல்லி. ஒரே வரைபடத்தை ஐந்து விதமாகத் திருப்பிக் கட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். நட்சத்திர மீனின் கைகளை மேலே மடக்கி நுனிகளைச் சேர்த்து இறுக்கினால் அர்ச்சின். அந்த அர்ச்சினை நீட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்து, ஓட்டைக் கரைத்து, தோலைத் தடிமனாக்கினால் கடலட்டை. அடுத்த தடவை உயிருள்ள அட்டையைக் கையில் எடுத்தால் தடவிப் பாருங்கள், வாயிலிருந்து பின்பக்கம் வரை ஐந்து தசை வாரும் அதன் நீளத்துக்கு ஓடும். அடிப்பக்கம் ஊர்வதற்குக் குழாய்க்கால்கள். வாயைச் சுற்றிய கிளை விட்ட கைகளும் உருமாறின குழாய்க்கால்களே, அவற்றால்தான் மணலை அள்ளி வாயில் போட்டு, அதிலிருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் தள்ளுகிறது.

கடலட்டை மூச்சு விடுவதும் பின்பக்கத்தால்தான். அங்கே தண்ணீரை இழுத்து, உள்ளே மரம் போலக் கிளைத்த உறுப்புக்கு அனுப்பி, வெளியே விடும். வாசல் திறந்திருக்கிறதே என்று ஒல்லியான முத்துமீன் ஒன்று அதன் வழியே உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தும். சில அட்டைகளுக்கு அந்த வாசலில் ஐந்து பல் இருக்கும், குடியேற்றத்தைத் தடுக்கத்தானோ என்று ஒரு ஊகம் உண்டு. ரொம்பத் தொந்தரவு செய்தால் ஒட்டும் வெள்ளை நூலை வீசும், சில இனங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டு நகர்ந்துவிடும். குடல் திரும்ப வளர்ந்துவிடும்.

தொட்டதும் கல்லாக இறுகுவதும், கையில் வைத்தால் குழைந்து வழிவதும் பார்த்திருப்பீர்கள். முட்தோலிகள் எல்லாவற்றுக்கும் உள்ள விசேஷ இணைப்புத் திசு அது, நரம்பு சொன்னால் இறுகும், சொன்னால் இளகும், இறுகி நிற்பதற்குப் பெரிய சக்தி செலவு கிடையாது. நட்சத்திர மீன் மணிக்கணக்கில் மட்டியை இழுத்துப் பிடிப்பதற்கும் இது கைகொடுக்கிறது.

சட்டம் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் வேறு வேறு. இந்தியாவில் 2001-ல் கடலட்டை முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது, பிடித்தால் சிறை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பிடிபட்டதாக மாதம் ஒரு செய்தியாவது வருகிறது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், வளர்க்கலாம். வேடிக்கை என்னவென்றால் வெள்ளை அட்டையின் குஞ்சு பொரிக்கும் முறையை 1988-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆய்வு நிலையத்தார்தான் செய்து காட்டினார்கள். வளர்க்கத் தெரிந்தவன் வளர்க்கக் கூடாது என்று இருக்கிறோம். ஆனால் உங்கள் பக்கம் கரையோரத்தை வேலி போட்டு அடைப்பதால் சிறு மீனவர்களுக்கு வலை வீச இடமில்லை என்ற புகாரையும் கேட்கிறேன், அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

நொறுங்கு நட்சத்திரம், கடல் அல்லி பற்றியும் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, கோவை

நொறுங்கு நட்சத்திரத்துக்கு நடுவில் சின்ன வட்டத் தட்டு, அதிலிருந்து பாம்பு மாதிரி ஐந்து மெல்லிய கை. நட்சத்திர மீன் குழாய்க்காலால் ஊரும், இது கையையே வீசி ஓடும், அதனால் ரொம்ப வேகம். பிடித்தால் கையை உதிர்த்துவிடும், பெயர் அப்படித்தான் வந்தது. எண்ணிக்கையில் ஐந்து கூட்டத்திலும் இதுதான் முதல், சுமார் 2100 இனம், பெரும்பாலும் கல் இடுக்கிலும் ஆழ்கடல் சேற்றிலும் ஒளிந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கடல் அல்லிக்கு வாய் மேலே பார்த்திருக்கும், கைகளை விரித்து ஓட்டத்தில் வருவதைப் பிடிக்கும். காம்போடு நிற்பவை ஆழ்கடலில், காம்பில்லாத இறகு நட்சத்திரம் பவளப்பாறையில்.

அரியலூர் பக்கம் ஒரு கல் கிடைத்தது. மேலே ஐந்து இதழ் வைத்த பூ செதுக்கியது போல இருக்கிறது. ஊரில் சாமிக்கல் என்கிறார்கள். உண்மையில் என்ன?
– ஒரு கல்லூரி மாணவி, பெரம்பலூர்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் அர்ச்சின், கல்லாகிப் போனது. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன் அரியலூர் கடலுக்கு அடியில் இருந்தது, சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம். அந்தப் பூவின் ஒவ்வொரு இதழும் குழாய்க்கால்கள் வெளியே வந்த துளைகளின் வரிசை, அந்தக் கால்களால் அது மூச்சு விட்டது. இதழ்மேல் நகத்தால் தடவினால் ஊசிமுனைத் துளைகள் இரட்டை வரிசையில் தட்டுப்படும். இந்தப் பகுதியின் முட்தோலிகளைப் பற்றி ஸ்டோலிஸ்கா என்ற புவியியலாளர் 1873-லேயே தனியாக ஒரு தொகுதி எழுதியிருக்கிறார். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்கள். கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள், இடம் தெரியாத புதைபடிவத்துக்குப் பாதி மதிப்புதான். டைனோசர் முட்டை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்தப் பக்கம் உருண்டையாக எது கிடைத்தாலும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது.

வீட்டில் மீன் தொட்டியில் நட்சத்திர மீன் வளர்க்கலாமா?
– பல வாசகர்கள்

நல்ல தண்ணீர்த் தொட்டியில் முடியவே முடியாது. உலகத்தில் ஆறு, குளம், ஏரி எதிலும் ஒரு முட்தோலி கூட இல்லை. உப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் சிறுநீரகம் மாதிரி எதுவும் அதற்குக் கிடையாது, வெளியே இருக்கிற தண்ணீர்தான் உள்ளேயும். உப்புத் தொட்டியிலும் புதியவர்கள் வைத்தால் பட்டினியில்தான் சாகும்.

அமெரிக்காவில் நட்சத்திர மீன்கள் உருகிப் போய்விட்டதாகப் படித்தேன். வதந்தியா?
– ஒரு வாசகர், சென்னை

வதந்தி இல்லை. 2013-லிருந்து வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை, இருபதுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு ஒரு நோய் வந்தது. உடம்பில் வெள்ளைப் புண், கைகள் முறுக்கிக்கொள்ளும், கழன்று தனியாக நடந்து போகும், கடைசியில் கூழ். மோசமாக அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திரம்: ஒரு மீட்டர் அகலம், 24 கை வரைக்கும், 15,000 குழாய்க்கால். பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துப் போய், 2020-ல் அழிவின் விளிம்பில் இருக்கிற இனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. என்ன கிருமி என்று பத்து வருஷத்துக்கு மேல் தேடினார்கள், நடுவில் ஒரு வைரஸைச் சொல்லி அது நிற்கவில்லை. 2025-ல்தான் காலராக் கிருமியின் உறவான விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று நிரூபித்தார்கள்.

ஒரு நட்சத்திர மீன் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இது தின்றுகொண்டிருந்த அர்ச்சின்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, கடல் சூடும் சேர்ந்துகொள்ள, வட கலிஃபோர்னியாவின் கெல்ப் கடற்பாசிக் காடு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. இப்படி ஆகும் என்பது ஒன்றும் புதுசு இல்லை. 1963-ல் வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலில் வீசிக்கொண்டே இருந்தார். மட்டிகள் பாறையை ஆக்கிரமித்தன, பதினைந்து இனம் இருந்த இடத்தில் எட்டு மிஞ்சியது. பாடப் புத்தகங்களில் 'மையக்கல் இனம்' என்று படிக்கிறோமே, அந்த ஒன்றை எடுத்தால் கூட்டமே குலைந்துபோகும் இனம், அது இதிலிருந்து வந்தது.

இதற்கு நேர் மாறான தலைவலியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முள் கிரீட நட்சத்திர மீன் அவ்வப்போது லட்சக்கணக்கில் பெருகிப் பவளத்தைச் சுரண்டித் தின்றுவிடும். முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் கொல்கிறார்கள், சாதாரண வினிகரே போதும் என்று கண்டிருக்கிறார்கள். அதன் முள்ளில் நஞ்சு உண்டு, அந்தமான், லட்சத்தீவு போகிறவர்கள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

கரையில் ஒதுங்கியது உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எடுத்துக் கடலில் போடலாமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், வேதாரண்யம்

போடலாம் தம்பி. மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார், குழாய்க்கால் ஒன்றாவது நெளிந்தால் உயிர் இருக்கிறது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கு, ஒரு கையைப் பிடித்துத் தொங்கவிடாதே, கழன்றுவிடும். வீசி எறியவும் வேண்டாம். முழங்கால் தண்ணீர் வரை அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய், வாய் கீழே வருகிற மாதிரி மணலில் வைத்துவிட்டு வந்துவிடு. செல்ஃபி எடுப்பதானால் தண்ணீருக்குள்ளேயே வைத்து எடு.